கிருஷ்ணன் என்றால் எந்தக் கிருஷ்ணன்?

தமிழ்நாட்டில் வெறும் ‘கிருஷ்ணன்’ என்றால் யாரென்று விளங்காது. இனிஷியல்தான் ஆளைக் காட்டும்.

என்.எஸ். என்றால் கலைவாணர். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, வில்லுப்பாட்டும் நாடகமுமாக வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு சிறை சென்று, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் மவுசு திரும்பவில்லை. கலைவாணர் விட்ட இடத்திலிருந்து சிரிக்க வைத்தார்.

கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், இயற்பியலாளர். 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து, குவித்த சூரிய ஒளியைத் தூய திரவங்களுக்குள் செலுத்தி, வண்ண வடிகட்டிகள் வழியே மங்கலாகத் தெரிந்த புது ஒளியைக் கண்ணாலேயே பார்த்துக் குறித்தவர். ‘நேச்சர்’ இதழில் வந்த அறிவிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்! பாடப்புத்தகத்தில் இந்தக் கிருஷ்ணனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கலாம். பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானையையும் பறவையையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 தொடங்கி சாகும்வரை இயற்கை பற்றி எழுதினார்.

டென்னிஸ் கிருஷ்ணனுக்கோ இனிஷியல் சுருங்கவே இல்லை. அப்பா பெயர் முழுசாக முன்னால் நிற்க, ராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960, 1961இல் அங்கேயே அரையிறுதி. 1979இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்ற மகன் ரமேஷின் பெயரில், ‘கிருஷ்ணன்’ பின்னால் போய்விட்டது.