காரை விற்றாச்சு... ஆர்.சி-யில் பெயர் மாறியாச்சா? செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியவை!

2007 ஜூலையில் வட இந்தியாவில் ஒருவர் தன் காரை விற்றார். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றார். அவர் மற்றொருவருக்குக் கைமாற்றினார். இப்படிப் பல கை மாறியும் ஆர்.சி-யில் முதல் ஓனரின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. 2009 மே மாதம் அந்த கார் மோதி ஓர் உயிர் போனது.

யார் இழப்பீடு கொடுப்பது? கடைசியாக காரை வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்றது பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம். ஆனால், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. `ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சட்டத்தின் பார்வையில் ஓனர். விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கார் எத்தனை கை மாறியது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது' என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஏறக்குறைய இரண்டு வருடங்களாகக் கண்ணால்கூடப் பார்க்காத காருக்கு, பழைய ஓனரே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

நம் ஊரிலும் இது நடக்காத விஷயமல்ல. `வண்டியை எடுத்துட்டுப் போங்க, பேரை மெதுவா மாத்திக்கலாம்' என்று தெரிந்தவருக்கு விற்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த `மெதுவா'தான் ஆபத்து. விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும்தான். இருவரும் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

விற்பவர் செய்ய வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள்ளும், வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள்களுக்குள்ளும் விற்பவர் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கானது ஃபார்ம் 29. வாங்கியவர் 30 நாள்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்கானது ஃபார்ம் 30. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே இதற்கான வேலையைத் தொடங்கலாம்.

பணம் முழுவதும் வந்து சேர்ந்த அன்றே இரண்டு ஃபார்ம்களிலும் கையெழுத்தை முடித்துவிடுங்கள். தேதியையும் வாங்குபவரின் விவரங்களையும் எழுதாமல் வெறும் ஃபார்மில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுப்பதைத் தவிருங்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு மூன்றையும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிய டெலிவரி நோட்டும், அவருடைய அடையாள அட்டை நகலும் உங்களிடம் இருக்கட்டும். பெயர் மாற்றத்துக்கு இவை மாற்று இல்லை. ஆனால், நாளை ஒரு பிரச்னை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் இவைதான்.

டீலரிடம் விற்கிறீர்களா? 2023 ஏப்ரல் முதல் ஒரு புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது, ஃபார்ம் 29சி மூலம் இணையத்தில் தகவல் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு அடுத்த ஆளுக்கு விற்கும்வரை டீலரே ஓனராகக் கருதப்படுவார். எனவே, `29சி போட்டாச்சா?' என்று கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஃபாஸ்டேகை மறந்துவிடாதீர்கள். அதை மூடாமல் விட்டால், புது ஓனர் கடக்கும் டோல்கேட்டுக்கெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பேப்பரை!

கார் பளபளப்பாக இருக்கலாம். அதற்கு முன்னால் ஆர்.சி-யைக் கையில் வாங்குங்கள். விற்பவரும் ஆர்.சி-யில் இருப்பவரும் ஒரே ஆள்தானா? இல்லையென்றால், பேரம் பேசுவதற்கு முன்பே அதற்கான காரணம் தெரிய வேண்டும். காரில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி-யில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

ஆர்.சி-யில் வங்கியின் பெயர் இருந்தால் கார் லோனில் இருக்கிறது என்று அர்த்தம். `லோன் முடிஞ்சிடுச்சு' என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி தரும் என்.ஓ.சி-யும், ஃபார்ம் 35-ம் வேண்டும். ஆர்.சி-யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுப்பது பாதுகாப்பு.

எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால், இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு வண்டியா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் `வாகன் சமன்வய்' சேவை உதவும்.

பதிவு தேதி மிக முக்கியம். சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருடங்களுக்குத்தான். பிறகு தகுதிச் சோதனை, கட்டணம், பசுமை வரி எல்லாம் முடித்து ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 13 வருட காரை `சும்மா கொடுக்கிறேன்' என்று சொன்னாலும், இன்னும் இரண்டு வருடங்களில் காத்திருக்கும் இந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மழைத் தண்ணீர் பார்த்த காரா?

2015-ல் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் வந்த வெள்ளத்திலும் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். கழுவித் துடைத்து பாலிஷ் போட்டால் வெளியில் தெரியாது. கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கால் மிதிக்கும் கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஏ.சி போட்டதும் ஈரப் புழுக்க வாடை வந்தால் உஷாராகிவிடுங்கள்.

காரைப் பார்க்கப் போகும் முன், `நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைப் பேசும். சைலன்ஸரில் நீல நிறப் புகை வந்தால், இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஓடோமீட்டர் 35,000 கி.மீ காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன என்றால், மீட்டரில் யாரோ கை வைத்திருக்கலாம். சர்வீஸ் பில்களில் தேதிவாரியாக எழுதியிருக்கும் கி.மீ கணக்கைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். `2321' என்றால், 2021-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். நான்கு டயரையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவே அல்ல.

வரி விஷயத்தில் எங்கே லாபம்?

தமிழ்நாட்டில் புது காருக்கு லைஃப் டாக்ஸ் 2023 நவம்பரில் உயர்ந்தது. விலை 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20% என்று கட்ட வேண்டும். 9.90 லட்ச ரூபாய் காருக்கு 1,28,700 ரூபாய் வரி. 10.20 லட்ச ரூபாய் காருக்கோ 1,83,600 ரூபாய். விலையில் 30,000 ரூபாய்தான் வித்தியாசம். வரியில் மட்டும் 54,900 ரூபாய் கூடுகிறது! புது கார் வாங்குவோர், 10 லட்சத்தைத் தொடும் வேரியன்ட்டை முடிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் கட்டிய பழைய காரை, தமிழ்நாட்டிலேயே வாங்கினால் அந்த வரியைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. பெயர் மாற்றக் கட்டணத்தோடு முடிந்துவிடும். ஆனால், `புதுச்சேரி வண்டி, விலை கம்மி' என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். வெளிமாநில காரை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கிருந்து ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி வாங்கி, காரின் வயதுக்கேற்ப இங்கே வரியும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் `கம்மி விலை' காணாமல் போய்விடும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி 18% ஆகக் குறைந்தது. `நான் வாங்கும்போது இவ்வளவு விலை' என்று விற்பவர் சொல்வதை வைத்துப் பேரம் பேசாதீர்கள். அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையை விசாரித்துவிட்டுப் பேச உட்காருங்கள்.

இன்ஷூரன்ஸும் பெயர் மாற வேண்டும்

பலர் கோட்டை விடும் இடம் இது. கார் கைமாறியதும் மூன்றாம் நபருக்கான காப்பீடு புது ஓனருக்குத் தொடரும். ஆனால், உங்கள் காருக்கே அடிபட்டால் கிளெய்ம் வாங்க, பாலிசியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கார் கைமாறிய 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், ரிப்பேர் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான்.

விற்பவருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. கிளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்கான போனஸ் தள்ளுபடி காருக்கு உரியதல்ல, ஓனருக்கு உரியது. அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடங்களுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் அதிகபட்சம் 50% வரை குறையும்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாயும், அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம். விபத்து நடந்துவிட்டால் இந்த அபராதமெல்லாம் ஒன்றுமே இல்லை. இழப்பீடு முழுவதையும் சொந்தக் காசில் கட்ட வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்த காரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

`இப்பதான் சர்வீஸ் பண்ணினேன்' என்று விற்பவர் சொன்னாலும், முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். அந்தத் தேதியும் கி.மீ-யும்தான் இனி உங்கள் கணக்கின் தொடக்கம்.

இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை டயர் காற்றைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்ப முள் சிவப்பைத் தொட்டாலோ, `பக்கத்துலதானே வீடு' என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மழையில் கார் தண்ணீருக்குள் நின்றுபோனால், செல்ஃப் எடுக்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அந்த ஒரு முயற்சியே உள்ளிருக்கும் பாகங்களை வளைத்துவிடும். டோ செய்து கொண்டுபோவதுதான் வழி.

இன்றைக்கே ஒரு வேலை

சாவி ஐந்து நிமிடத்தில் கைமாறிவிடும். பெயர் மாறுகிற வரைதான் வேலையே இருக்கிறது. பெயர் மாறியதும் ஆர்.சி-யில் புது ஓனரின் செல்போன் எண்ணையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் அபராத எஸ்.எம்.எஸ் சரியான ஆளுக்குப் போகும்.

நான்கைந்து வருடங்களுக்கு முன் நீங்கள் விற்ற கார் நினைவிருக்கிறதா? அப்பா விற்ற ஸ்கூட்டர்? இப்போதே எம்-பரிவாகன் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓனர் பெயரில் சில எழுத்துகள்தான் தெரியும். அது உங்கள் வீட்டுப் பெயரா என்று கண்டுபிடிக்க அதுவே போதும். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், வாங்கியவரை இன்றே அழையுங்கள். அவர் கிடைக்கவில்லையென்றால், விற்ற ஆதாரங்களுடன் ஆர்.டி.ஓ-வுக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறும்வரை விடாமல் பின்தொடருங்கள்.