கடும் பயிற்சியும் ஓய்வின் கணக்கும்

தசைக்கு வலுச் சேர்வது பயிற்சிக்குப் பின்வரும் ஓய்விலேயே என்பது உடற்றொழிலியலின் அடிப்படைச் செய்திகளுள் ஒன்றாகும். நீண்ட ஓட்டமும் பாரம் தூக்கலும் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குவதோடு, தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் எனும் மாச்சத்தையும் பெருமளவு கரைத்துவிடுகின்றன. அச்சேமிப்பு மீண்டும் நிரம்புவதற்கு, மாவுணவு போதிய அளவு கிடைத்தாலும், ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசைநோவு முதல் நாளில் அடங்கியிருந்து, 1 முதல் 3 நாள்களுக்குள் உச்சமடைந்து, தானாகவே தணியும் இயல்புடையது என்பதால், அந்நோவு ஒன்றை மட்டும் கண்டு அஞ்சுவதற்குக் காரணமில்லை.

அஞ்ச வேண்டியது ஓய்வெடுத்த பின்னும் தீராத களைப்பையே. ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இதனைப் படிநிலைகளாகப் பிரிக்கிறது. சில நாள் ஓய்வில் தீர்ந்து, பின்னர் திறனைக் கூட்டும் தற்காலிகத் தளர்ச்சி முதலாவது. மீள வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தளர்ச்சி இரண்டாவது. மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும் மிகைப்பயிற்சி நோய் மூன்றாவது. இவற்றைப் பிரித்தறிய உதவும் தனியொரு குருதிப் பரிசோதனை கிடையாது. மீள எடுத்த காலமே நிலையைக் காட்டுகிறது என்பதால், முன்கூட்டியே ஓய்ந்துகொள்பவர் இழப்பது சொற்பமே.

அம்பாறைக் கரையோரத்தில் இக்கணக்குச் சற்றுச் சிக்கலானது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை மாலையில் உதைபந்தாட்டமோ கபடியோ பயிலும் இளைஞர் பலர், பகலில் வயலிலோ கரைவலையிலோ கட்டட வேலையிலோ உழைத்தவர்கள். கூலிக்குச் செய்த உழைப்பையும் விளையாட்டுக்குச் செய்த உழைப்பையும் உடல் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கடற்கரை மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று வீசும் நாள்களில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், இழந்த நீரின் அளவு வீரருக்கே தெரிவதில்லை.

நோன்பு மாதம் இன்னும் கூர்ந்த கவனத்தை வேண்டுகிறது. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், ரமழான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நோன்பின் நேரம் ஏறக்குறைய 13 முதல் 14 மணித்தியாலங்களுக்குள் அமைந்துவிடுகிறது. வடநாடுகளின் கோடை நோன்போடு ஒப்பிட்டால் இது எளிதே. ஆயினும் இங்கு உண்மையில் குறைவது உணவைவிட உறக்கமே எனலாம். தராவீஹ் தொழுகைக்குப் பின் மின்னொளியில் நள்ளிரவு தாண்டி விளையாடிவிட்டு, ஸஹருக்கு எழுந்து, காலையில் வேலைக்கும் செல்பவருக்கு, தசை புதுப்பித்தலுக்கு உதவும் வளர்ச்சி ஓமோன் அதிகம் சுரக்கும் ஆழ்ந்த உறக்கம் துண்டுபட்டுப் போகிறது. ஆதலால் அம்மாதத்தில் பயிற்சியின் கடுமையைக் குறைத்து, நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலேசான பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதும், பகலில் சிறிது உறங்குவதும் தக்கவை; புதிய சாதனைகளைப் பெருநாளுக்குப் பின் தேடலாம்.

சுமையை அளக்கப் பொறி எதுவும் வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் பாஸ்டர் பரப்பிய முறையில், பயிற்சியின் கடுமைக்கு வீரரே 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, அதனைப் பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். 7 என உணரப்பட்ட 60 நிமிடப் பயிற்சியின் சுமை 420 ஆகும். வலை இழுத்த நேரத்தையும் இவ்வாறே சேர்த்துக்கொண்டால் வாரத்தின் உண்மையான சுமை புலப்படும். விழித்தெழுந்தவுடன் எண்ணும் நாடித்துடிப்பு பல நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட உயர்ந்திருப்பது ஓர் எச்சரிக்கையே எனினும், அது எல்லோரிடத்தும் உயர்வதில்லை. பசியின்மை, எரிச்சல், உறக்கக் கேடு, வழக்கமான ஓட்டமே பெருஞ்சுமையாகத் தோன்றுதல் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு ஓய்வு மட்டும் போதாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போவது, சிதைந்த தசைப் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய ஆபத்து நிலையாகையால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எலும்பில் ஒரே புள்ளியில் நாளுக்கு நாள் கூடும் வலி, திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டான வெடிப்பாக இருக்கலாம். காய்ச்சலின்போது மைதானத்துக்குச் செல்லவே கூடாது. டெங்குவின் அபாயக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குவதால், சூடு குறைந்ததை நம்பி அன்று மாலையே விளையாடப் போவதைப் பெற்றோரும் பயிற்றுநர்களும் தடுக்க வேண்டும். ஓரிரு வாரம் முழுமையாக ஓய்ந்தும் திறன் திரும்பாதவர், குருதிச்சோகை, நீரிழிவு, தைரொயிட்டுக் குறைபாடு ஆகியன உண்டா என்பதை வைத்தியரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.