ஓட்டையில்தான் இருக்கிறது சூட்சுமம்

2024-ல் மத்தியக் கப்பல் போக்குவரத்து அமைச்சகம் பசுமை இழுவைப் படகுத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்துக்குத் தேர்வான நான்கு பெருந்துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு புதிய படகுகளாவது வர வேண்டும், டீசல் குடித்துப் புகை கக்கும் பழையவை படிப்படியாக ஓய்வுபெற வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல திட்டம்தான். ஆனால் அதைப் பற்றி நான் படித்த செய்திகள் எல்லாம் பேட்டரி, சார்ஜர், மோட்டார் என்று படகின் வயிற்றுக்குள்ளேயே சுற்றிவந்தன. படகு கப்பலைத் தொடும் இடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூக்கில் சுற்றியிருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் ஃபெண்டர் சரியில்லை என்றால், மோட்டார் எவ்வளவு பசுமையாக இருந்தும் பயனில்லை.

இழுவைப் படகு கயிறு கட்டி இழுப்பதோடு நிற்பதில்லை. கப்பல் துறைமேடையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் அதன் விலாவில் மூக்கைப் பதித்துத் தள்ளுகிறது. இன்றைய துறைமுகப் படகுகளில் 60 டன் விசையோடு தள்ளக்கூடியவை சாதாரணம். பெரிய எண்ணெய்க் கப்பலின் பக்கத் தகடு தாங்கும் அழுத்தமோ, தோராயமாகச் சதுர மீட்டருக்கு 20 டன். அப்படியென்றால் அந்த 60 டன்னைக் குறைந்தது மூன்று சதுர மீட்டர் பரப்பில் பரப்பியாக வேண்டும். வளைந்த இரும்பு மூக்கு தட்டையான தகட்டைத் தொட்டால், தொடுமிடம் உள்ளங்கை அகலம்கூட இருக்காது; தகடு குழிந்துவிடும். கப்பல்களின் பக்கவாட்டில் சில இடங்களில் மட்டும் வெள்ளை எழுத்தில் 'டக்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சட்டங்கள் வலுவாக உள்ள இடம் அது, இங்கே தள்ளு என்று படகுக்காரருக்குச் சொல்லும் குறி.

தள்ளுவதற்கு முன்னால் தொட வேண்டும். அதுவே பெரிய சமாச்சாரம். 600 டன் எடையுள்ள படகு ஒரு நாட் வேகத்தில், அதாவது ஆள் நடக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவாக, வந்து தொடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 80 கிலோஜூல். எட்டு டன் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். இந்த ஆற்றல் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குள் அடங்கினால் சராசரி விசை 320 டன். 25 சென்டிமீட்டரில் அடங்கினால் 32 டன். ஃபெண்டரின் வேலை அந்தத் தூரத்தைக் கொடுப்பது.

இதற்கு ரப்பர்தான் பொருத்தம், அது அமுங்கும் என்று நினைப்போம். அமுங்காது. ஒரு ரப்பர்க் கட்டியின் கன அளவை நூற்றில் ஒரு பங்கு குறைக்க ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தம் தேவை. கடலில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. இந்த ஒரு விஷயத்தில் ரப்பருக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் திரவத்தில் இருப்பதுபோல நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. நடுவில் காலியிடம் இல்லை. ஆனால் அதே சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி நெளியும், சுருளும், நீளும். ஆகவே வடிவத்தை மாற்றச் சொன்னால் கன அளவைக் குறைப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் எளிதாக இணங்கிவிடுகிறது. நாம் 'அமுங்குகிறது' என்று சொல்வதெல்லாம் ரப்பர் வேறு பக்கம் ஒதுங்குவதைத்தான்.

ஒதுங்க இடம் கொடுக்காவிட்டால்? இரண்டு அகலமான இரும்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர்ப் பலகையை ஒட்டி அழுத்துங்கள். அது கல்லைப்போல நிற்கும். மேம்பாலங்களின் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் கறுப்புத் திண்டுகள் இந்த நியாயப்படிதான் பாலத்தின் எடையைச் சுமக்கின்றன. ஃபெண்டருக்கு வேண்டியது நேர் எதிரானது. அதனால்தான் படகின் விலாவில் ஓடும் 'டி' வடிவ ஃபெண்டருக்கு நடுவில் நீள ஓட்டை. மூக்கில் வளைத்துக் கட்டும் உருளை ஃபெண்டருக்கும் நடுவில் ஓட்டை. அழுத்தம் வந்ததும் ரப்பர் வெளிப்பக்கம் பிதுங்குவதோடு அந்த ஓட்டைக்குள்ளும் சரிகிறது. ஓட்டை மூடும்வரை விசை மெதுவாக ஏறுகிறது. மூடிய பிறகு, ஓட்டையில்லாத கட்டியை அழுத்துவதாகிவிடும். வரைபடத்தில் கோடு செங்குத்தாக மேலே போகும். பொதுவாக 'டி' ஃபெண்டர்களின் தாங்குதிறன், உயரத்தில் பாதி அமுங்கும்வரைதான் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் எல்லாச் சுமையும் கப்பலின் தகட்டுக்கும் படகின் சட்டத்துக்கும்தான். விற்பவர் ரப்பர் எத்தனை கிலோ என்று சொல்லி விலை பேசுவார். ஓட்டையின் விட்டம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

உளுந்து வடையை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் ஓட்டை போடுவது எண்ணெய் உள்ளிருந்தும் வேக வைக்கட்டும் என்பதற்காக. ஃபெண்டருக்கும் அதே காரணம் உண்டு. கந்தகம் கலந்த ரப்பரை அச்சு வழியே பிதுக்கி எடுத்து, நீராவிக் கலனில் வேக வைக்கிறார்கள். ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஓட்டையில்லாத தடித்த கட்டியாக இருந்தால் வெளிப்புறம் வெந்து நடுப்பகுதி மாவாக நின்றுவிடும். சூடான வடையை விரலால் அழுத்தினால் முதலில் ஓட்டை மூடும், பிறகு விளிம்பு வெடிக்கும். அளவுக்கு மீறி அழுத்தப்பட்ட ஃபெண்டரும் விளிம்பில் கிழியலாம். நாள்பட்ட வடை இறுகும். வெயிலிலும் காற்றிலும் கிடந்த ரப்பரும் ஆக்சிஜன் ஏறி, சங்கிலிகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகள் விழுந்து இறுகும். இறுகிய வடையைத் தயிரில் ஊறவைத்தால் உப்பி மிருதுவாகும். இயற்கை ரப்பரும் டீசலில் ஊறினால் உப்பி மிருதுவாகும். தயிர் வடைக்கு ருசி கூடுகிறது. ஃபெண்டருக்கோ ஆயுள் முடிகிறது.

வரலாறு இங்கே அதிகம் தேவையில்லை. 1803-ல் ஸ்காட்லாந்தின் கால்வாயில் சார்லட் டண்டாஸ் என்ற நீராவிப் படகு இரண்டு சரக்குப் படகுகளை இழுத்துக் காட்டியது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-ல் காப்புரிமை பெற்றார். பழைய இழுவைப் படகுகளின் மூக்கில் தேய்ந்த கயிறுகளை முடைந்து தாடிபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த இடத்தைப் பின்னர் ரப்பர் பிடித்துக்கொண்டது.

பழைய லாரி டயர்களை ஏன் தொங்கவிடக் கூடாது? தொங்கவிடலாம், எங்கும் தொங்குகின்றன, விலை குறைவு, உராய்வைத் தாங்கும். ஆனால் டயர் காற்றோடு சேர்ந்து சுமை தாங்கச் செய்த மெல்லிய கூடு. காற்றில்லாத டயர் சிறு விசையிலேயே தட்டையாகிவிடுகிறது. அது விழுங்கும் ஆற்றல் சொற்பம். ரப்பர் தேய்ந்ததும் உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகள் வெளியே வந்து கப்பலின் பெயின்ட்டைக் கீறும். டயரின் அடியில் ஓட்டை போடாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

புதிதாக வாங்குவோர் 'நூறு சதவீத இயற்கை ரப்பர்' என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். கலவையில்தான் எல்லாம் இருக்கிறது. இயற்கை ரப்பர் கிழிபடாமல் நிற்கும். இழுபடும்போது அதன் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகி, கிழிசலின் முனையிலேயே தடுப்புப் போடுகின்றன. ரப்பரை வெடிக்க வைக்கும் ஓசோனை எதிர்ப்பதில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் சிறந்தது, எண்ணெயிடம் அது தோற்றுவிடும். கார்பன் கரி சேர்த்தால் தேய்மானம் குறையும், வெயிலின் புற ஊதாக் கதிரும் உள்ளே இறங்காது. மட்டமான சரக்கில் செலவைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு துண்டை அறுத்து எடை போடுங்கள், பிறகு தண்ணீரில் அமிழ்த்தி அது வெளியேற்றும் நீரை அளந்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். நல்ல கலவை 1.1 முதல் 1.2 வரை நிற்கும். சுண்ணாம்பின் அடர்த்தி 2.7, அது மிகுந்தால் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். மூக்கின் வளைவுக்கு, வளைத்தே வேக வைத்த ஃபெண்டரைக் கேட்டு வாங்க வேண்டும். நேரான துண்டைக் கொண்டுவந்து பலவந்தமாக வளைத்து போல்ட் போட்டால், அதன் வெளிமுகம் ஆயுள் முழுக்க இழுபட்டே இருக்கும். ஓசோன் குறிவைப்பது இழுபட்ட ரப்பரைத்தான். இழுவைக்குக் குறுக்கே வரி வரியாக வெடிப்புகள் விழும்.

பராமரிப்பில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுதான் அதிகம். சில மாதங்களில் புது ஃபெண்டரின் மேல் சாம்பல் பூத்ததுபோல மங்கலான படலம் வரும். அது அழுக்கல்ல. கலவையில் சேர்த்த மெழுகு தானாக மேலே கசிந்து ஓசோனுக்குத் திரை போடுகிறது. பளபளப்புக்காக டீசல் துணியால் துடைத்தால் திரையும் போகும், ரப்பரும் ஊறும். நல்ல தண்ணீரும் சோப்பும் போதும். கிரீஸ் பட்டால் உடனே கழுவ வேண்டும். நகம் ஆழத்துக்கு மேல் இறங்காத மேலோட்ட வெடிப்புக்காக ஃபெண்டரைக் கழற்ற வேண்டியதில்லை; அடிப்பக்கத்து போல்ட் ஓட்டையிலிருந்து கிளம்பும் கிழிசலுக்குக் கழற்றியே ஆக வேண்டும். கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது படகின் மூக்கு அதோடு உரசி, ரப்பரை மேலும் கீழும் பிய்த்து இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் போல்ட்டுகளிலும் சங்கிலிகளிலும் போய் முடிகிறது. தளர்ந்த ஒரு நட்டு பக்கத்து நட்டுகளின் சுமையைக் கூட்டிவிடும் என்பதால், இவற்றை முறை வைத்து முறுக்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஃபெண்டருக்குப் பின்னால் நடக்கிறது. ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த உப்புத் தண்ணீர் காய வழியில்லாமல் தங்கி இரும்பைத் தின்கிறது. வெளியிலிருந்து தட்டிப் பார்த்துத் தடிமனைச் சொல்ல முடியாது. படகு உலர் தளத்துக்கு ஏறும் வாய்ப்பு ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை வருகிறது. வேலைப் பட்டியலில் சுரண்டல், பெயின்ட், உந்தி என்றெல்லாம் எழுதும்போது, ஃபெண்டரைக் கழற்றிப் பின்தகட்டின் தடிமனை அளப்பதையும் எழுதிச் சேர்க்க வேண்டும். கழற்றிய கையோடு ரப்பரின் கடினத்தையும் ஷோர் மானியால் அளந்து, வாங்கிய அன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும்.