நள்ளிரவில் ஏன் நெஞ்சு படபடக்கிறது?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அதற்குள் மெல்லிய ஊசியைச் செருகி, ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லி மூளை அனுப்பும் ஆணைகளை ஒலிபெருக்கியில் கேட்கலாம். விட்டுவிட்டு வீசும் காற்றைப் போல 'உஷ்... உஷ்' என்று கேட்கும்.

ஆய்வாளர் விரேந்த் சோமர்ஸ் குழுவினர், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாளிகளின் காலில் இப்படி ஊசியை வைத்து அவர்களைத் தூங்கவிட்டார்கள். முடிவுகள் 1995-இல் வெளிவந்தன. குறட்டை நின்று மூச்சு அடைபட்டதும் நரம்பின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. மூச்சு திரும்பிய கணம் அது சட்டென அடங்கியது. ஆனால் குழாய்கள் அதற்குள் இறுகிவிட்டிருந்தன. ரத்த அழுத்தம் எகிறியது. விழித்திருந்தபோது சராசரி 92 ஆக இருந்த அழுத்தம், கனவுத் தூக்கத்தில் 127 வரை போயிருக்கிறது. உடம்பு இளைப்பாற வேண்டிய நேரத்தில்!

குழாய்களை இறுக்கும் அந்த ஆணையைத் தூண்டுவது, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும், அரிசி மணி அளவே உள்ள ஓர் உறுப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். (அதன் வேலையைக் கண்டறிந்த கார்னெய் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.) அது கூவியதும் நார்அட்ரினலினும் அட்ரினலினும் பாய்கின்றன. தூங்குபவர் அரைகுறையாக விழித்து, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறார். காலையில் எதுவும் நினைவிருக்காது.

இந்த ஆணைகளை அனுப்பும் தானியங்கு நரம்பு மண்டலமே தடுமாறும் 'டிஸ்ஆட்டோனோமியா' உள்ளவர்களை இனிப் பார்ப்போம். அதில் ஒரு வகையான 'பாட்ஸ்' உள்ளவர்களுக்கு, எழுந்து நின்றாலே பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் கூடுகிறது. சிலருக்கு நார்அட்ரினலினும் மிகையாகச் சுரக்கிறது. இவர்களில் பலர் நடுநிசியில் நெஞ்சு படபடக்க, வியர்த்து எழுகிறார்கள். 'பயம், பதற்றம்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. எனக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது. முன்பே தொட்டால் துள்ளும் நரம்புக்கு, மூச்சுத் தடையும் சேர்ந்தால் என்ன ஆகும்?

எல்லாப் படபடப்புக்கும் மூச்சுத் தடையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேடாமல் விடுவது தவறு. பருத்த உடம்பும் பெரிய குறட்டையும் உள்ள ஆண்களைத்தான் சந்தேகிக்கிறோம். ஒல்லியான இளம்பெண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. மூச்சு முழுதாக நிற்காமல், ஆக்சிஜனும் பெரிதாக இறங்காமல், குறுகிய பாதையில் காற்றை இழுக்கும் போராட்டமே தூக்கத்தைக் கலைப்பதும் உண்டு. தூக்க ஆய்வாளர் கில்லெமினோ 1993-இல் இதைத் தனி நிலையாகவே விவரித்தார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியால் மட்டும் இதைப் பிடித்துவிட முடியாது.

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் ஒரு தடயம். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதய அறை விரிகிறது. 'நீர் மிகுந்துவிட்டது' என்று ஏமாந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது.

நீங்களும் இரவில் நெஞ்சு படபடத்தோ சிறுநீர் கழிக்கவோ எழுபவராக இருந்தால், கைப்பேசியின் ஒலிப்பதிவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். குறட்டையோ திணறலோ பதிவானால் மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். பதிவாகாவிட்டாலும், தூக்க ஆய்வு தேவையா என்று கேட்டுவிடுங்கள்.