வறுமையினின்று மீளுதலும் மீண்டபின் நிலைத்தலும்

ஒரு குடும்பம் கொடிய வறுமையினின்று மீள்வது ஒரு செயல். மீண்டபின் மறுபடியும் வீழாதிருப்பது வேறொரு செயல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதனால்தான் நம் சங்கங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பல நல்ல முயற்சிகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. தென்னேரி போன்ற ஊர்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றை நம்பி உழுவோர் ஒருபுறமும், பட்டுத்தறியை நம்பியிருப்போர் மறுபுறமுமாக வாழும் வட்டாரம் இது. ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் உழவர் மனம் நிறைகிறது. அதே மழையில் நெசவாளர் வீட்டுக் குழித்தறியில் ஈரம் ஊறித் தறி நின்றுபோகிறது. ஒருவர்க்கு ஏற்றம் தருவதே அடுத்த வீட்டார்க்கு இறக்கமாவதுண்டு.

வறுமையைக் கணக்கிடுவோர் ஒரு கோட்டைக் கிழித்து, அதன்கீழ் இத்தனை பேர் என்பர். உலக வங்கி 2025-ஆம் ஆண்டு அக்கோட்டை நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு 3 டாலர் என உயர்த்தியது. நம் நாட்டு நிதி ஆயோக் வருவாயைப் பாராது, கல்வி, உடல்நலம், வாழ்க்கை வசதி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பல்பரிமாண அளவை வகுத்துள்ளது. அதன்படி தமிழ்நாட்டில் 2015-16-இல் 4.76 விழுக்காடாக இருந்த வறியோர் தொகை 2019-21-இல் 2.20 விழுக்காடாகக் குறைந்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் இத்தகைய கணக்கில் மிச்சமே தெரியும். வரவும் செலவும் தெரியா. ஓர் ஊரில் பத்துக் குடும்பங்கள் ஏறி, நான்கு குடும்பங்கள் புதிதாக வீழ்ந்தால், ஆறு குடும்பங்கள் மீண்டன என்றே ஏடு கூறும். வீழ்ந்த நான்கின் கதையை யாரும் கேட்பதில்லை.

அக்கதையைக் கேட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியரான அனிருத் கிருஷ்ணா என்பார், இராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் ஆகிய நம் நாட்டுப் பகுதிகளிலும், கென்யா, உகாண்டா, பெரு, அமெரிக்கா ஆகிய நாடுகளிலுமாக 35,000-க்கு மேற்பட்ட குடும்பங்களின் நிலையை ஆராய்ந்து 2010-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளிது. ஊராரை ஒன்றாக அமர்த்தி, மிக ஏழையான குடும்பத்தின் கையில் சிறிது பணம் சேர்ந்தால் முதலில் என்ன செய்யும், அடுத்து என்ன செய்யும் என்று வினவினார். இராஜஸ்தான் சிற்றூரார், முதலில் உணவு, பின்பு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், பின்பு வெளியே உடுத்திச் செல்ல ஆடை, அதன்பின் கடனைச் சிறிது சிறிதாகத் தீர்த்தல் என்று வரிசைப்படுத்தினர். இப்படிகளில் ஒவ்வொரு குடும்பமும் முன்பு எங்கு நின்றது, இப்போது எங்கு நிற்கிறது என்பதையும் ஊராரே கூறினர். அவர் கண்ட உண்மை யாதெனில், ஏறும் வழி வேறு, வீழும் வழி வேறு. ஏறியோரில் பெரும்பாலோர் ஒரே வருவாயை நம்பாது இரண்டாவது வருவாயைத் தேடிக்கொண்டோர். வீழ்ந்தோரிலோ நோயும் மருத்துவச் செலவுமே தலையாய காரணம். திருமணச் செலவு, ஈமச் செலவு, மிகுவட்டிக் கடன் ஆகியவை அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இனி நம் தறிக்கு வருவோம். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையே காஞ்சிப் பட்டின் பெருமை. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரே மூன்றையும் எறிந்து வேலையை ஓட்ட இயலாது. கரைப்பக்கம் அமர்ந்து நாடாவைத் திருப்பி எறிய மற்றொருவர் வேண்டும். நெடுங்காலமாக அவ்விடத்தில் அமர்ந்தது சிறுவனோ சிறுமியோதான். வீட்டில் நோய் அல்லது திருமணம் என்று தறி முதலாளியிடம் முன்பணம் பெறுவர். அம்முன்பணம் தீரும்வரை பிள்ளை அவருடைய தறியிலேயே உட்கார வேண்டும். கூலியில் கழிவது சிறிது. மறு முன்பணமாக ஏறுவது பெரிது. ஆகவே கடன் தீர்வதில்லை. பிள்ளை பள்ளிக்குச் செல்வதுமில்லை. வாங்கும் சேலையின் அழகைப் புகழ்வோர் பலர். நாடா எறிந்த கையின் வயதைக் கேட்டோர் நெடுநாள்வரை சிலரே.

பிள்ளையின் உழைப்பை அடகு வைத்தலை 1933-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் செய்த திருத்தம் 14 வயது நிரம்பாதாரை வேலைக்கு அமர்த்துவதையே பொதுவாகத் தடை செய்தது. இவற்றுள் முதல் மூன்று சட்டங்கள் இருந்தும், 2003-ஆம் ஆண்டில் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பொன்று வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளும் இடம் பெற்றன. சட்டத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சோதனைகளும் சிறப்புப் பள்ளிகளும் இல்லாதிருந்தால் அந்நிலை மாறியிராது. ஆனால் பிள்ளையைத் தறியினின்று எழுப்பிய பிறகும், முன்பணம் வாங்கும் தேவை அவ்வீட்டில் இருந்துகொண்டேயிருக்கும். அத்தேவையை நிறைவு செய்யும் இடம் எது? இங்கேதான் கூட்டுறவுக்கு வேலையிருக்கிறது.

இஃது இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. சர் பிரெடரிக் நிக்கல்சன், ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து சென்னை மாகாண அரசுக்கு 1895-இலும் 1897-இலும் அறிக்கை அளித்தார். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. பட்டு நெசவாளர் சங்கங்கள் பின்னர்ப் பெருகின. பட்டு நூலும் ஜரிகையும் சங்கம் தந்து, நெய்த சேலைக்குக் கூலியும் தந்து, விற்கும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொள்வது இவற்றின் நடைமுறை.

இதன் பயனை விளங்கிக்கொள்ள வங்க தேசத்தில் நடந்த ஓர் ஆய்வு உதவும். அங்குள்ள பிராக் என்னும் நிறுவனம், மிகமிக ஏழைப் பெண்களுக்கென 2002-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. கடன் தரவில்லை, பசுமாடு போன்ற ஓர் உடைமையை இலவசமாகத் தந்து, சில காலம் உணவுச் செலவுக்குச் சிறு தொகையும், தொழிற்பயிற்சியும், மருத்துவ உதவியும் அளித்து, ஈராண்டு காலம் அடிக்கடி வீடு தேடிச் சென்று விசாரித்தது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் இதனைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவுகள், திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் பயன் நிலைத்ததைக் காட்டின. நம் நாட்டில் அச்சோதனை மேற்கு வங்கத்தில் நடைபெற்றது. பின்னர் 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இன்னும் கூர்மையான செய்தி ஒன்றைக் கூறுகிறது. ஒரே பசுவைப் பெற்றவர்களுள், ஏற்கெனவே சிறிது உடைமை இருந்தமையால் ஒரு குறிப்பிட்ட அளவைக் கடந்தவர்கள் மேலும் மேலும் ஏறினர். அவ்வளவை எட்டாதவர்கள் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கே சறுக்கினர். மாடு மட்டும் இருந்து வண்டியில்லாவிடில், கொட்டகையில்லாவிடில், தீனிக்குப் பணமில்லாவிடில், மாடு விலைபோய்விடும்.

தறிக்கும் இதே நியாயந்தான். சொந்தத் தறி இருந்தும் நூல் வாங்கப் பணமில்லாதவர், சில மாதங்களில் கூலித்தறிக்கே திரும்புவார். பட்டும் ஜரிகையும் விலையுயர்ந்தவை. ஜரிகைக்கு அடிப்படையான வெள்ளியின் விலை 2025-இல் ஏறிய ஏற்றம் அனைவரும் அறிந்ததே. அவ்விலையைத் தனி நெசவாளர் தாங்க முடியாது. அந்தச் சுமையைத் தான் ஏற்று, எட்ட முடியாத அவ்வளவை எட்டவைப்பதே சங்கத்தின் பணி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். விற்பனை மந்தமாகிக் கிடங்கில் சேலை தேங்கும்போது, சங்கம் பாவு தருவதைக் குறைக்கிறது. சங்கத்திற்கு அது சிக்கனம். வீட்டில் தறி சும்மா கிடக்கும் நெசவாளர்க்கு அது சறுக்கலின் முதல் படி. அன்று மாலையே அவர் பழைய முதலாளியின் திண்ணையில் இருப்பார். ஊரடங்கு வந்த 2020-இல் இதனைக் கண்கூடாகக் கண்டோம்.

உழவர் நிலை சற்று வேறு. அவர்க்குப் பயிர்க்கடன் தொடக்க வேளாண்மைச் சங்கத்தில் கிடைக்கிறது; குறித்த தவணையில் திருப்பினால் வட்டியும் இல்லை. 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டு 5 சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. தள்ளுபடி ஒரு மூச்சுவிடும் நேரம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. சொந்த நிலமற்ற கூலியாள்களும், வாய்மொழிக் குத்தகைக்கு உழுவோரும் கடனே பெற இயலாமையால் தள்ளுபடியும் பெறவில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

வீழ்ச்சிக்கு வருவோம். நெசவாளர் வீட்டில் நோய் வந்தால், மற்றத் தொழிலினும் இரு மடங்கு கேடு. கோர்வைத் தறியில் கணவனும் மனைவியும் அமர்ந்து நெய்கின்றனர் என்போம். ஒருவர் படுத்தால் தறி நிற்கிறது. படுக்காதவரின் வருவாயும் நிற்கிறது. ஒரு சேலை முடிய இரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சேலை முடிந்தால்தான் கூலி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெற்று வருகிறது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் பெரிய சிகிச்சைக்கு அது பேருதவி. ஆனால் ஓடாத தறியின் கூலியை அது தராது; மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரைக்கும் தராது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை தருவதால் அச்செலவைப் பெரிதும் குறைத்துள்ளது. அரசு மருந்து வேண்டாமென்று தனியார் கடையில் வாங்குவோர் நம்மிடையே பலர். அவர்கள் மறு எண்ணம் கொள்ளுதல் நலம்.

எஞ்சிய இடைவெளியை நிரப்புவது தண்டல்காரர். அவர் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்க் கடனென்று சொல்லி, 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருவார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்துக்கு ஒன்றுதானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாள் முதலே அசல் குறைந்துகொண்டு வருவதால், 100 நாளும் நம் கையில் சராசரியாக இருப்பது ஏறத்தாழ 4,500 ரூபாயே. அதற்கு 100 நாள் வட்டி 1,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் 80 விழுக்காட்டிற்கு மேல்! சேலை முடிந்தால்தான் கூலி பெறும் நெசவாளர் நாள்தோறும் 100 ரூபாய் எங்ஙனம் கட்டுவார்? வேறொருவரிடம் வாங்கிக் கட்டுவார். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்தது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க 2025-இல் மற்றொரு சட்டமும் வந்தது. நெருக்கடி நாளன்று மாலைக்குள் பணம் தர வேறோர் இடம் இல்லாதவரை, இச்சட்டங்களின் காவலர் தண்டல்காரரின் வாயிற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டார்.

இரண்டாவது வருவாய் பற்றிச் சிறிது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இவ்வட்டாரத்து இளைஞரும் பெண்களும் பேருந்தேறிச் செல்கின்றனர். வீட்டில் தறியும் ஒருவர் மாதச் சம்பளமும் சேர்ந்த குடும்பமே உறுதியாக நிற்கிறது என்பது என் பார்வை. தறியை விற்றுவிட்டுச் சம்பளத்தை மட்டும் நம்புவதைப் பற்றி எனக்கு அச்சமுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள்.

சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை. நம் தணிக்கைப் படிவத்தில் தவணை கடந்த பாக்கிக்குக் கட்டம் உண்டு. பாக்கி ஏன் விழுந்தது என்பதற்குக் கட்டமில்லை. செயலாளர்கள் ஒரு தனிக் குறிப்பேடு வைத்து, பாவு வாங்குவதை நிறுத்திய அங்கத்தினர், தவணை தவறிய அங்கத்தினர் ஒவ்வொருவர்க்கும் நேராக, நோய், சாவு, திருமணம், மழை, தறிப் பழுது, வேறு வேலை என ஒரு சொல் எழுதி வைப்பாராக. நிர்வாகக் குழு திங்களுக்கு ஒருமுறை அதனைப் படிப்பின், யார் சறுக்குகின்றார் என்பது முதல் தவணையிலேயே தெரியும். பாக்கி பெருகி வழக்கு மன்றம் செல்லும் நிலை வருமுன் ஒரு பாவோ, சிறு கடனோ தந்து நிறுத்தலாம்.

அங்கத்தினர்கள் தாமே செய்யத்தக்கவை சில. கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்தினால் அரசு 4 காசு சேர்க்கிறது. கூலியைக் குறைத்துக் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் இப்பங்கும் குறையும் என்பதை நினைவிற் கொள்க. வாரிசு நியமனப் படிவத்தில் பெயர் எழுதாது விட்டவர்கள், அல்லது இறந்துபோனவர் பெயரை மாற்றாது விட்டவர்கள், இம்மாதமே செயலாளரைக் காண்க. பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய். ஆயுள் காப்பீடு 436 ரூபாய். தொகை ஒவ்வொன்றிலும் 2 இலட்சம் ரூபாய். ஆயுள் காப்பீட்டில் புதிதாகச் சேர வயது 50-க்குள் இருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்குகிறது. மே மாத இறுதியில் வங்கிக் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிடில் காப்பீடு அறுந்துபோகும். கூலி வரவாகும் கணக்கும் காப்பீட்டிற்கு எழுதிக் கொடுத்த கணக்கும் ஒன்றுதானா என்பதைப் பாஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறாயிருந்தமையால் தொகை பிடிக்கப்படாது போன வீடுகள் உண்டு.