பவுடர் ஏன் திட்டாக நிற்கிறது?

மங்கலம்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு 62 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருடைய காலை அலங்காரம் மாறியதே இல்லை. சோப்புப் போட்டு முகம் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, உள்ளங்கையில் பவுடரைத் தட்டிப் பூசி, கண்ணுக்கு மை வைத்து, பொட்டு ஒட்டிக்கொள்வார். ஐந்து நிமிட வேலை. போன மாதம் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று, "என்னாடி இது, அதே பவுடர்தான், அதே கைதான். மூஞ்சி மட்டும் சுண்ணாம்படிச்ச சுவராட்டம் நிக்குதே" என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணோரச் சுருக்கங்களில் வெள்ளை, நூல் நூலாக இறங்கியிருந்தது. கன்னத்தில் அங்கங்கே திட்டு.

பவுடர் மாறவில்லை, வாஸ்தவம்தான். அதைத் தாங்கி நிற்கும் தோல் மாறிவிட்டது.

முதலில் பவுடர் என்பது என்ன என்று பார்ப்போம். பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது டால்க் என்ற தாது, அதாவது மாக்கல்லின் பொடி. உலகத்துத் தாதுக்களிலேயே மென்மையானது இதுதான். நகத்தால் கீறினாலே கோடு விழும். காரணம் அதன் உள்ளமைப்பு. அப்பளக் கட்டைப்போல மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, தகடுகளுக்கு இடையே பிடிப்பு மிகக் குறைவு. விரல் பட்டதும் வழுக்கி நகர்கின்றன. நமக்கு வழவழப்பாகத் தெரிவது அந்த நகர்வுதான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் தகடுகள் இருக்கின்றன! முகப் பவுடர்களில் சேர்க்கும் இன்னொரு பொருள் வெண்களிமண். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் மண்ணைத் தோண்டும்போதே வெண்களிமண் கிடைக்கிறது.

பவுடருக்கும் எங்கள் கடலூர் மாவட்டத்துக்கும் வேறொரு உறவும் உண்டு. பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்த காலத்தில், கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் அதை 100, 50, 20 கிராம் பொட்டலங்களாகப் போட்டு விற்றார். கூலி வேலைக்குப் போகிறவர்களும் வாங்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய ஷாம்புக்கு அப்பாவின் பெயரைச் சுருக்கி 'சிக்' என்று வைத்தார். இன்று பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சாஷேக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 20 கிராம் பொட்டலம் நினைவுக்கு வரும்.

இருபது வயதில் இந்தப் பொடி அழகாக ஒட்டியதற்குக் காரணம், முகத்தில் எப்போதும் கசிந்துகொண்டிருந்த எண்ணெய். பொடி எண்ணெயைக் குடிக்கும், எண்ணெய் பொடியைப் பிடித்துக்கொள்ளும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் முகத்தில் இந்தக் கசிவு வெகுவாகக் குறைகிறது. கூடவே தோலின் அடித்தளமும் இளைக்கிறது. தோலை விறைப்பாகத் தாங்கும் புரத நார்க் கற்றைக்குக் கொலாஜன் என்று பெயர், கட்டிலின் கயிறு மாதிரி. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தே ஆண்டுகளில் அதில் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. கயிறு தொய்ந்தால் மெத்தையில் பள்ளம் விழும். பவுடர் போய் உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான்.

மேற்பரப்பில் நடப்பது இதைவிட நுட்பம். தோலின் வெளி அடுக்கு ஒரு சுவர். செத்துக் காய்ந்த செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புகள் சாந்து. முழுச் சுவரின் கனமும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான், செய்தித்தாளைவிட மெல்லியது. உடம்பின் தண்ணீர் மொத்தத்தையும் ஆவியாகாமல் காப்பது இதுதான்! இளமையில் சுமார் ஒரு மாதத்துக்குள் பழைய செங்கல் உதிர்ந்து புதியது மேலே வந்துவிடும். வயதாக ஆக இந்தச் சுழற்சி தளர்கிறது, சாந்தும் குறைகிறது. உதிராத செல்கள் ஓரம் தூக்கி நிற்கும்போது முகத்தில் படும் ஒளி சீராகத் திரும்பாமல் சிதறுகிறது. மெழுகிய தரைக்கும் பெயர்ந்த தரைக்கும் உள்ள வித்தியாசம் அது. அத்தை முகம் களையிழந்து தெரிந்ததற்குப் பாதிக் காரணம் நிறம் அல்ல, இந்த மேடுபள்ளம்.

சோப்பு இந்தச் சுவருக்கு என்ன செய்கிறது என்பதை அத்தையின் சமையலறையிலேயே பார்த்தோம். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, அவர் முகத்துக்குப் போடும் சோப்பை அதில் உரசினேன். மஞ்சள் செந்நிறமாகிவிட்டது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கும் அதே வேதியியல்தான். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். அப்படியென்றால் சோப்பு காரம். தோலோ இயல்பில் லேசான அமிலம். சாந்துக் கொழுப்பு உருவாவதற்கு அந்த அமிலத்தன்மை தேவை. ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் தோல் அதை மீட்டுக்கொள்கிறது, ஆனால் வயதான தோலுக்கு மீட்க அதிக நேரம் பிடிக்கும். அத்தை கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெனம் மூணு தரம் போடறேன்டி" என்றார்.

ஆகவே அலங்காரத்தில் முதல் மாற்றம் பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே வருகிறது. சோப்பு ஒரு வேளை போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகத்தில் ஈரம் மிச்சமிருக்கும்போதே ஈரங்காக்கும் களிம்பைத் தடவ வேண்டும். மாய்ஸ்சரைசர் என்று கடையில் கேட்பது அதைத்தான். அதிலுள்ள கிளிசரின் நீரை இழுத்து நிறுத்தும், கொழுப்பு விரிசலை அடைக்கும். களிம்பு இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. வறண்ட தோல் உள்ளவர்களிடம் பிலிப்பைன்ஸில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தடவிய தேங்காய் எண்ணெய் தோலின் ஈரத்தைக் கூட்டியது, மினரல் ஆயிலுக்குச் சமமாக நின்றது. கால் மணி நேரம் கழித்து, பவுடர் வேண்டுமானால் மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் பஞ்சால் ஒற்றலாம். கன்னத்துக்கும் கண்ணோரத்துக்கும் இனி அது வேண்டாம் என்பது என் கட்சி.

வெயிலைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழொன்றில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் ஆழமாக வரியோடித் தொங்கியது, வலது கன்னம் பல ஆண்டு இளமையாக இருந்தது. ஒரே ஆள், ஒரே வயது. நீள அலைப் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வந்து கொலாஜனை அரிக்கும் என்பதற்கு அந்த முகமே சாட்சி. தடுக்க முடியுமா? ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற சிற்றூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். சன்ஸ்கிரீன் எனும் வெயில்காப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களின் தோல், தோன்றியபோது பூசியவர்களுடையதைவிட 24 சதவீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. ஒரு முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். நம்மில் பலர் கடுகளவு தொட்டுக்கொண்டு கடமையை முடிக்கிறோம்.

மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. நம்மைப் போன்ற மாநிறத் தோலைப் புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கும். அதை மறிப்பது நிறமேற்றிய களிம்பில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. பண்ருட்டி முந்திரிக்காட்டுச் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். களிம்புக்கென்று அதைச் சுத்தமாக ஆலையில் தயாரிக்கிறார்கள். வெள்ளைக் களிம்பில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று ஆக்சைடுகளைக் கலந்தால் மனிதத் தோலின் எந்த நிறத்தையும் ஏறக்குறையப் பிடித்துவிடலாம். வெள்ளைப் பூச்சு நம் தோலில் சாம்பல் பூத்துத் தெரியும், மண்ணின் நிறம் மறைந்து நிற்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு முகத்தின் வயதை நாம் சுருக்கத்தை வைத்து மட்டும் கணிப்பதில்லை. கண், புருவம், இதழ் ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையே உள்ள நிற வித்தியாசத்தையும் கண் அளக்கிறது. இதை முகத்துலக்கம் என்று வைத்துக்கொள்வோம். வயதாகும்போது புருவம் வெளுக்கிறது, இதழின் சிவப்பு வடிகிறது, துலக்கம் மங்குகிறது. பிரெஞ்சுப் பெண்களின் படங்களை வைத்து போர்ஷெரோன், ரசல் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இதை 2013-இல் காட்டினார்கள். படத்தில் துலக்கத்தை மட்டும் கூட்டினால் பார்ப்பவர்கள் வயதைக் குறைத்துச் சொன்னார்கள். 2017-இல் சீனா, தென்னாப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாட்டு முகங்களிலும் அதே முடிவு. அறுபதில் முகமெங்கும் பவுடர் பூசுவது துலக்கத்தை இன்னும் அழிக்கிறது. மையும் புருவக் கோடும் இதழுக்குக் கொஞ்சம் சிவப்பும் அதைத் திரும்பக் கொண்டுவருகின்றன.

மை ஓர் அற்புதம். விளக்குச் சுடரில் பிடித்த கரியின் துகள்களை ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். எல்லா நிற ஒளியையும் விழுங்குவதால்தான் அத்தனை கறுப்பு. விளக்கெண்ணெயில் குழைத்தால் இமையில் படியும். சில சுருமாக்களில் ஈயம் இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வயதான பிறகு கீழிமையில் வைத்த மை கசிந்து கருவளையத்தைக் கூட்டும், கண்ணீர்ப் படலத்தையும் குழப்பும். மேலிமை முடியின் வேரோரம் மெல்லிய ஒரு கோடு போதும்.

பொட்டை எடுத்தபோது அத்தை நெற்றியில் அரிசி அளவுக்கு ஒரு வெளிர் புள்ளி தெரிந்தது. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள ஒருவகை பீனால், மெலனின் தயாரிக்கும் செல்லை ஏமாற்றிவிடுகிறது. மெலனினுக்கு மூலப்பொருளான டைரோசினின் சாயல் அதற்கு இருப்பதால், செல் அதை உள்ளே எடுத்து வேலையைத் தொடங்கி, அந்த நஞ்சாலேயே சாகிறது. இடம் வெளுக்கிறது. வெள்ளையாகத் தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்தித் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தையையும் அனுப்பினேன்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மேலிமையில் கோடு போட அத்தைக்குக் கண் தெரியவில்லை, கண்ணாடியைப் போட்டால் கை போகவில்லை. வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சாதாரண நிலைக்கண்ணாடியில் ஒரு சலுகை உண்டு. பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் நிற்பதால், ஒரு முழத்தில் நின்றால் கண் பார்ப்பது இரண்டு முழத்தில். ஆனாலும் பிம்பம் சின்னதாகத்தான் தெரியும். சவரத்துக்கு வைத்திருக்கும் குழியாடி இரண்டையும் சேர்த்துச் செய்யும், பிம்பத்தைத் தள்ளியும் வைக்கும், பெரிதாக்கியும் காட்டும். வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே அறுபதில் எட்டுகிறது.

மறுநாள் காலை அத்தை மாமாவின் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் கிழக்கே பார்க்க உட்கார்ந்தார். "ஏ, நா சவரம் பண்ண வேணாமா?" என்று உள்ளேயிருந்து மாமா கத்தினார். "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சை அடக்கி, மேலிமையில் ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டு முடித்தார்.