மீட்டர் லைட் எரியவில்லையா? முதலில் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்



விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மவர்கள். பால்மரம் வெட்டப் போகிறவரும் சரி, லயத்தில் குடியிருந்துகொண்டு பட்டணத்துப் பெக்டரிக்கு முதல் ஷிப்டுக்குப் போகிறவரும் சரி, ரோட்டில் இறங்கும் நேரத்தில் கும்மிருட்டுதான். போகிற வண்டியும் பெரும்பாலும் பழசு. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்றவற்றை இன்னும் கட்டிக் காத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. ஓட்டட்டும், தப்பில்லை. ஆனால் அந்த வண்டிகளில் அடிக்கடி வருகிற ஒரு கோளாற்றை நாம் மதிப்பதே இல்லை. அதுதான் மீட்டர் லைட்.

"என்னாண்ணே, மீட்டர் லைட்டுதானே! பெரிய லைட்டு நல்லா எரியுது, வண்டி ஓடுது. நான் என்ன ரேஸா ஓட்டப் போறேன்?" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரே வயர், ஒரே பியூஸ்

பெரும்பாலான பழைய கார்களில் மீட்டருக்கு வெளிச்சம் தரும் பல்புக்குத் தனி லைன் கிடையாது. சுவிட்சை முதல் கட்டம் திருப்பினால் எரிகிற சின்ன லைட், பின்னால் சிவப்பு லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் லைட் எல்லாம் ஒரே குடும்பம். பியூஸ் போனால் அத்தனையும் சேர்ந்து அணையும். பெரிய லைட்டுக்கு வேறு பியூஸ், ஆகவே அது பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். ஓட்டுகிறவர் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போவார். பின்னால் வருகிற லோரிக்காரருக்கோ முன்னே ஒரு வண்டி போவதே தெரியாது. மழை, பனி என்றால் கேட்கவே வேண்டாம்.

பிரேக் லைட்டுக்கும் தனி லைன்தான். பிரேக்கை மிதிக்கச் சொல்லி, "எரியுதுப்பா, சரியாத்தான் இருக்கு" என்று கூட்டாளி சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு சிவப்பு லைட் எரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

சமதரையில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சின்ன லைட்டைப் போடுங்கள். இறங்கி ஒரு சுற்று வாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட், பிறகு உள்ளே மீட்டர். பார்ப்பதைப் பொறுத்து கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

எல்லாமே அணைந்திருந்தால் பியூஸ் அல்லது சுவிட்ச். சில வண்டிகளில் இடப்பக்கத்துக்கு ஒரு பியூஸ், வலப்பக்கத்துக்கு ஒரு பியூஸ் இருக்கும். அப்போது ஒரு பக்கம் மட்டும் அணையும்.

வெளியே எல்லாம் எரிந்து, மீட்டர் மட்டும் முழு இருட்டாக இருந்தால் மீட்டருக்குப் பின்னால் சாக்கெட் கழன்றிருக்கலாம், எர்த்து விட்டிருக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு உள்ள வண்டியானால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டுத் திரும்பியிருந்தால் அதோடு வேலை முடிந்தது.

மீட்டரில் ஒரு பாதி எரிந்து மறுபாதி இருட்டானால் பல்பு போயிருக்கிறது. பெரிய லைட்டைப் போட்டதும் பெட்ரோல் முள் ஆடினால், வெளிச்சம் மங்கி மங்கி வந்தால் எர்த்து வயரைச் சந்தேகப்படுங்கள்.

வெள்ளித்தாள் வைத்தியம் வேண்டாம்

பியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள புது பியூஸைத்தான் போட வேண்டும். இரண்டு கால் உள்ள பிளாஸ்டிக் பியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவதும், 10 போன இடத்தில் 20 போடுவதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. செய்யாதீர்கள்! உருக வேண்டிய பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும். வயர் தீப்பிடித்தால் வண்டியே போய்விடும்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் 5 வாட் பல்பு நான்கு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்றிரண்டு, மீட்டருக்கு மூன்று. மொத்தம் 40 வாட் அளவுதான். 12 வோல்ட் பேட்டரியில் அது மூன்றரை ஆம்பியருக்குள் அடங்கும். இவ்வளவு குறைவாக இழுக்கிற லைனில் 10 ஆம்பியர் பியூஸ் மறுபடி மறுபடி போகிறது என்றால், எங்கோ வயர் தோல் உரிந்து இரும்பில் படுகிறது என்று அர்த்தம். பியூஸ் மேல் குற்றமில்லை.

எங்கே தேடுவது? புதிதாக ரேடியோ மாட்டினீர்களா? அதன் விளக்குக்கு இதே லைனிலிருந்துதான் வயர் எடுப்பார்கள். அந்த முனையை டேப் சுற்றாமல் விட்டிருந்தால் அதுதான் கள்ளன். அடுத்து, பின் மூடிக்குப் போகிற வயர். திறந்து மூடித் திறந்து மூடி, மடிப்பில் வயர் அறுந்திருக்கும். மூன்றாவது எலி. லயத்து ஓரம் நிற்கிற வண்டிக்கு எலி வராமல் இருக்குமா?

மீட்டரைக் கழற்றும்போது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். முன் சட்டத்துத் திருகாணிகளை எடுத்ததும் மீட்டரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னால் ஸ்பீட் கேபிள் இருக்கும். அதன் நாக்கை அழுத்தி விடுவித்த பிறகே மீட்டர் வெளியே வரும். பின்பக்கம் செம்புக் கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது கிழிந்தால் பொத்தோங் கடையில் பழைய மீட்டர் தேடி அலைய வேண்டியதுதான். ஆகவே பதனமாகக் கையாளுங்கள்.

பல்பு மாட்டிய பிடியைக் கால் திருப்பு திருப்பினால் கையோடு வந்துவிடும். பல்பு கறுத்திருந்தால் மாற்றுங்கள். பழைய பல்பையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே வாட் கேளுங்கள். பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் செம்புக் கோட்டில் பாசி பிடித்திருக்கும். பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளபளப்பு வரும். நம் நாட்டு ஈரத்துக்கு இது அடிக்கடி நேரும்.

எல்இடி பல்பு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எரியாவிட்டால் பல்பு கெட்டது என்று வீசாதீர்கள். திருப்பிச் செருகிப் பாருங்கள், அதற்குத் திசை உண்டு. ஆனால் சிவப்பு பேட்டரிப் படம் உள்ள இடத்தில் பழைய மாதிரிப் பல்பே இருக்கட்டும். பல பழைய வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகப் போகிற கரண்டுதான் ஆல்டர்னேட்டரை எழுப்பி விடுகிறது. அதை மாற்றினால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

எரிய வேண்டியதும் அணைய வேண்டியதும்

கடைசியாக ஒன்று. சாவியைத் திருப்பி, என்ஜினை முடுக்காமல் பாருங்கள். எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிய வேண்டும். முடுக்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியாத எண்ணெய் விளக்கு, எண்ணெய் வற்றினாலும் எரியாது. இரண்டு வெள்ளி பல்பு செத்துக் கிடந்ததால் என்ஜின் பிடித்துக்கொண்டது என்றால் யாரிடம் போய் அழுவது?

மீட்டரையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். "பியூஸ் பார்த்தீங்களா? எர்த்து பார்த்தீங்களா? பின் லைட் எரியுதா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல போமன் கோபித்துக்கொள்ள மாட்டார். பியூஸ் மறுபடி மறுபடி போகிறது, வயர் கருகிய வாடை வருகிறது என்றால் மட்டும் நீங்களே கை வைக்காமல் வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மீட்டர் இருட்டாக இருந்தால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது தெரியாது, அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். நாம் போவதே பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வண்டிக்குள் நம்மோடு பெண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று சாயங்காலமே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.